சேலைக்கு இந்தப் பக்கம்

மே 4, வியாழன்

அக்கினி நட்சத்திரம் இன்று தொடங்குகிறது. மகள் இந்துவையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் இன்றுதான். பெண் குழந்தை. பள்ளம் மேடு பார்த்து மெதுவாகப் போ என்று ஆட்டோக்காரனிடம் வழியெல்லாம் சொன்னேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகு, மெதுவாகத்தானே வந்தேன் பெருசு என்கிறான்.

சம்பந்தியம்மாள் ராமுத்தாய் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். மருமகளை நேராகக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போகிறாராம். அங்கே பார்த்துக்கொள்ளப் பொம்பளை ஆட்கள் இருக்கிறார்களாம். சாத்தூரில் உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் இருக்கிறேன் என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு. ஏதாவது சொல்லியிருந்தாலாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். சிரிப்புக்கு என்ன சொல்வது?

தலைப் பிரசவம் தாய்வீட்டில். இது நான் போட்ட சட்டம் இல்லை. என் மனைவி இறந்துவிட்டாள் என்பதால் இது இந்துவுக்குத் தாய்வீடு இல்லை என்று ஆகிவிடுமா? அப்படியானால் இது என்ன, லாட்ஜா? மாப்பிள்ளை செந்தூர்பாண்டிக்கு ஓசூரில் கம்பெனி வேலை, லீவு முடிந்து போய்விட்டார். போனில் அவர் அம்மாவுக்கும் சரி என்றார், எனக்கும் சரி என்றார். கடைசியில் முடிவானது இதுதான்: மாதக் கடைசி வரை இருவரும் இங்கே. அதற்குள் பிள்ளை தேறாவிட்டால் சம்பந்தி கார் கொண்டுவந்து அழைத்துப் போய்விடுவார். "தேறாவிட்டால்" என்று சொல்லும்போது என் முகத்தையே பார்த்தார்.

தேறும். நான் இருக்கிறேன்.

மே 5, வெள்ளி

வீட்டில் ஒரு ஹால், ஒரு அடுப்படி. மின்விசிறி ஹாலில்தான். அதனால் ஹாலின் குறுக்கே கொடி கட்டி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டேன். அந்தப் பக்கம் இந்துவின் கட்டில், இந்தப் பக்கம் என் நாற்காலி. காற்றில் சேலை பறந்தது. கீழ் ஓரத்தில் இரண்டு பழைய பூட்டுகளைக் கட்டினேன். இப்போது சுவர் மாதிரி நிற்கிறது.

எந்த நேரத்தில் எது வேண்டுமானாலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன். கோவில்பட்டியில் இருக்கும் அத்தனை பொம்பளை ஆட்களும் இப்படி உட்காருவார்களா? சீரியல் போட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

மே 6, சனி

நான் படித்தது எட்டாம் வகுப்பு. மற்றதெல்லாம் நூலகத்தில் படித்தது. நகராட்சிக் குடிநீர்த் தொட்டியில் ஆபரேட்டராக இருந்த காலத்தில் மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் கையில் புத்தகம்தான். இந்து உண்டான செய்தி வந்ததிலிருந்து தாய்ப்பால் பற்றிச் சாத்தூர் நூலகத்தில் இருந்ததையெல்லாம் வாசித்து முடித்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த சிறு புத்தகத்தை மனப்பாடமே செய்துவிட்டேன்.

அதனால்தான் சம்பந்திக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பிள்ளை பிறந்ததும் சேனை தொட்டு வைக்கவேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோடு வந்து நின்றார். கூடாது என்றேன். முதலில் வரும் சீம்பால் பிள்ளைக்கு ஆகாது, பீய்ச்சிவிடு என்று இந்துவிடம் சொல்லியிருக்கிறார். நர்ஸை விட்டுத் தடுத்தேன். பிள்ளை பெற்றவள் தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு தொங்கும் என்றார். ஊருக்கே தண்ணீர் விட்டவனிடம் வந்து இதைச் சொல்கிறார். தொட்டியில் ஏறாமல் குழாயில் எப்படி வரும்? கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு குடம் வைத்திருக்கிறேன்.

மூன்றிலும் நான் சொன்னதுதான் சரி என்று நர்ஸ் ஸ்டெல்லா அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சம்பந்தியின் கோபமெல்லாம் அதுதான்.

மே 7, ஞாயிறு

பால் ஊறுவதற்குப் பால்சுறா புட்டு வைக்கலாம் என்று மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரன் வேறு எதையோ தூக்கிக் காட்டி, இதுவும் சுறா சாதிதான் ஐயா என்கிறான். அதன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது, சுறாவுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. பூண்டும் முருங்கைக்கீரையும் வாங்கி வந்தேன். கீரை ஆய்ந்தே காலைப் பொழுது போயிற்று. குழம்பில் உப்பு கம்மி என்றாள் இந்து. பத்தியம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மே 8, திங்கள்

பால் குடித்தாளா என்று ஒரு தகப்பன் மகளிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. இந்தச் சங்கடத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கூட இல்லை. எழுதியவர்கள் எல்லாம் பெண் டாக்டர்கள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இங்கிருந்தபடியே "ஆச்சா?" என்று கேட்பேன். அங்கிருந்து "ஆச்சுப்பா" என்று வரும். யாருக்கும் கூச்சமில்லை. அடிக்கடி கொடுக்கவேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருப்பதால் நானும் அடிக்கடி கேட்கிறேன். கேட்ட மறுநொடியே ஆச்சு என்று பதில் வந்துவிடுகிறது. சின்ன வயதிலிருந்தே சுறுசுறுப்பான பெண்.

மே 9, செவ்வாய்

குழந்தை பகலெல்லாம் அழுகிறது. இந்துவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். சளி பிடித்திருக்கும். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

மே 10, புதன்

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் காலையில் வந்து தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டிவிடுகிறார். அந்த நேரம் நான் மார்க்கெட்டுக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது குழந்தை அடித்துப் போட்டது போலத் தூங்கும். நான் வந்து நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் விழித்துக்கொண்டு அழும். பிறகு பொழுது சாயும்வரை அழுகைதான்.

பேச்சியம்மாள் இதைக் கவனித்துவிட்டு, பேத்திக்குத் தாத்தாவைப் பிடிக்கவில்லை போல என்று கேலி செய்தார். பிறந்து இரண்டு வாரம் ஆகாத குழந்தைக்குப் பிடித்தது, பிடிக்காதது என்ன இருக்கிறது? வெந்நீர்க் குளியல் உடம்பைத் தளர்த்துகிறது, தூங்குகிறது. குளியலின் பலன் போனதும் அழுகிறது. சாயங்காலமும் ஒரு தடவை குளிப்பாட்டலாமா என்று கேட்டேன். குழந்தையை என்ன எருமை என்று நினைத்தீர்களா என்கிறார்.

நாளை முதல் மார்க்கெட்டைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்துவிட வேண்டும். வீட்டில் இவ்வளவு அழுகையை வைத்துக்கொண்டு நான் வெளியே சுற்றுவது சரியில்லை.

மே 11, வியாழன்

சீக்கிரம் வந்துவிட்டேன். இன்று காலையிலும் தூங்கவில்லை.

மே 12, வெள்ளி

நர்ஸ் ஸ்டெல்லா வந்தார். தொட்டில் துணியில் குழந்தையைப் போட்டுத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை பார்த்தார். பிறந்தபோது இருந்த எடையைவிடக் குறைந்திருக்கிறதாம். முதலில் கொஞ்சம் குறைவது சகஜம், ஆனால் இந்நேரம் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும் என்றார். மூத்திரம் எத்தனை தடவை போகிறாள், நன்றாகக் குடிக்கிறாளா என்று இந்துவிடம் கேட்டார். இந்து சேலையின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குடிக்கிறா சிஸ்டர் என்றாள். நான் இந்தப் பக்கம்தான் இருந்தேன். பார்த்ததை நர்ஸ்தான் பிறகு வாசலில் வைத்துச் சொன்னார். அதை ஏன் என்னிடம் தனியாகச் சொன்னார் என்று தெரியவில்லை.

நாளை பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மே 13, சனி

டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். குழந்தையைப் புரட்டிப் பார்த்தார், நோய் எதுவும் இல்லை, பசிதான் என்றார். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது, ஒவ்வொரு தடவையும் முதலில் அதைத்தான் கொடுக்கவேண்டும், அதன் பிறகு கொஞ்ச நாளைக்குப் பவுடர் பால் பாலாடையில் ஊற்ற வேண்டும், எடை ஏறியதும் குறைத்துக்கொள்ளலாம் என்றார்.

நான் சிறு புத்தகத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இது உங்கள் ஆஸ்பத்திரி கொடுத்த புத்தகம்தானே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"புத்தகம் சரிதாங்கய்யா. அதுல பாதியாவது இவ வயித்துக்குள்ள போகணும்ல" என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை இந்து தலையை நிமிர்த்தவில்லை. உன்மேல் தப்பில்லை என்றேன். யார்மேல் தப்பு என்று அவள் கேட்கவில்லை.

மே 14, ஞாயிறு

நான் கடைக்குப் போவதற்குள் சம்பந்தி டின்னோடு வந்து இறங்கிவிட்டார். ஓசூருக்குப் போன செய்தி கோவில்பட்டிக்குப் போய்ச் சாத்தூருக்குத் திரும்பி வந்திருக்கிறது. தேர்தலில் ஜெயித்தவர் மாலையோடு வருவதுபோல டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினார். கூடவே ஒரு பால்புட்டி. இரண்டு நாள் தங்கப் போகிறாராம்.

டின்னை டாக்டர் சொன்னதற்காக வாங்கிக்கொண்டேன், அவர் கொண்டுவந்ததற்காக இல்லை. புட்டியைப் பரண்மேல் போட்டேன். டின்னில் எழுத்துகள் எறும்பு மாதிரி இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டேன். பவுடரை அளவுக் கரண்டியில் எடுத்துக் கத்தியின் முதுகால் தட்டையாக வழித்தேன். கோபுரமாக எடுத்துப் போடுங்கள், கெட்டியாக இருந்தால்தான் பிள்ளை உருளும் என்கிறார் சம்பந்தி. பிள்ளைக்குப் பாலா, சுவருக்குக் கலவையா என்று கேட்டேன்.

பாலாடையை, அதுதான் மூக்கு வைத்த அந்தச் சின்ன வெள்ளிக் கிண்ணத்தை, வெந்நீரில் போட்டு எடுத்தேன். குழந்தையை என் மடியில் வைத்து நானே ஊற்றினேன்.

மிச்சம் வைக்கவில்லை. நடுவில் ஒரு தடவை கூட முகத்தைத் திருப்பவில்லை. பாலாடையின் மூக்கையே பார்த்துக்கொண்டு, ஒரு வாய் இறங்குவதற்குள் அடுத்ததற்குத் திறந்தது. முடிந்த பிறகும் திறந்தது. இதுவரை பந்தியில் உட்கார வைத்து இலை போடாமலே இருந்தவர்களைப் பார்ப்பதுபோல அது என்னைப் பார்த்தது.

அழுத பிள்ளை சிரித்ததா, பார்த்தீர்களா என்று சம்பந்தி ஏதோ சொன்னார். பாலாடையைக் கழுவப் போனேன். சேலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

மே 15, திங்கள்

பவுடர் ஊற்றினேன். கீரை ஆய்ந்தேன். "ஆச்சா?" என்று கேட்டேன். சம்பந்தி அந்தப் பக்கத்திலிருந்து எட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். என்ன பார்வை அது? நான் என்ன கடனா கேட்டேன்?

மே 16, செவ்வாய்

இதை எழுதுவதா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எழுதாவிட்டால் நாளைக்கு அவர் வேறு மாதிரி சொல்வார்.

மத்தியானம் குழந்தை சிணுங்கியது. நான் வழக்கம்போலக் கேட்டேன். வழக்கம்போல ஆச்சுப்பா என்று வந்தது. உடனே குழந்தை வீறிட்டது. சம்பந்தி பூட்டோடு சேர்த்துச் சேலையை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, என் நாற்காலிக்கு முன்னால் நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க இங்கன உக்காந்துக்கிட்டு ஆச்சா ஆச்சான்னு கேட்டா அவளுக்கு எங்கிட்டிருந்து பால் இறங்கும்? நீங்க தொண்டையக் கனைச்சாலே மாராப்ப இழுத்து மூடுறா. புள்ள வாயில வச்சத வெடுக்குனு புடுங்கிட்டு ஆச்சுங்கிறா. ரெண்டு நாளாப் பாத்துட்டேன்."

நான் சேலைக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறேன் என்றேன்.

"எந்தப் பக்கம் இருந்தாலும் அப்பாதான அண்ணாச்சி."

என் வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் இதைச் சொல்கிறார். சேனை வைக்க வந்தவர், சீம்பாலைக் கொட்டச் சொன்னவர், தண்ணீர் கொடுக்காதே என்றவர். ஒன்றிலாவது சரியாகச் சொல்லியிருக்கிறாரா இதுவரை? நான் ஒரு நிமிஷம் நகராமல் உட்கார்ந்ததுதான் குற்றமாம். உட்காராமல் ஊர் சுற்றியிருந்தால் அப்போதும் இதே வாய் பேசியிருக்கும்.

சேலையைப் பார்த்து, அப்படியாம்மா என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டேன். இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் சொல்லவில்லை. குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

சம்பந்தி சாயங்கால வண்டிக்குக் கிளம்பிவிட்டார். இருபத்தாறாம் தேதி நர்ஸ் எடை பார்க்க வரும்போது வருவாராம். ஏறவில்லை என்றால் அன்றைக்கே கார்.

மே 17, புதன்

அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருக்கிறது. நான் வீட்டில் இல்லாமல் இருந்து காட்ட வேண்டும். அப்போதும் குழந்தை அழும். அத்தோடு அவர் வாய் அடைபடும்.

பேச்சியம்மாளைக் கூட இருக்கச் சொன்னேன். இந்துவிடம் நூலகத்துக்குப் போகிறேன் என்றேன். பவுடர், கரண்டி, கொதித்து ஆறிய தண்ணீர் எல்லாம் எடுத்து வைத்தேன். வழிக்கும் கத்தியையும் வைத்தேன். நூலகத்தில் எல்லாப் பத்திரிகையும் படித்தேன். மத்தியானம் பூட்டிவிட்டார்கள். எதிரே மரத்தடியில் நின்றேன். திரும்பத் திறந்ததும் உள்ளே போய் விளம்பரங்களைப் படித்தேன். என் காது அங்கே இல்லை என்று நூலகர் சொன்னார், இரண்டு தடவை கூப்பிட்டாராம்.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீட்டுக்குள் சத்தமே இல்லை. குழந்தை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டோரம் பால் காய்ந்திருந்தது. டின்னை எடுத்துப் பார்த்தேன், இரண்டு தடவைதான் எடுத்திருக்கிறார்கள். இந்து இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

தற்செயல். ஒருநாள் நடந்தது எதற்கும் சாட்சி ஆகாது.

மே 18, வியாழன்

மறுபடி போய்ப் பார்த்தேன். மறுபடியும் அப்படித்தான். பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகிறார். இந்த வாரம் கீரை நிறையக் கொடுத்திருக்கிறேன். அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் முடிவுக்கு வருவது அறிவாளிகள் செய்கிற காரியம் இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இந்து சேலையை ஒதுக்கி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நாளைக்கும் போவீங்களா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதாம்ப்பா."

போவேன் என்றேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. நாளை வெள்ளிக்கிழமை, நூலகம் விடுமுறை.

மே 19, வெள்ளி

ரயில்வே ஸ்டேஷனில் உட்கார்ந்தேன். பிளாட்பாரத்தில் மின்விசிறி சுற்றுகிறதே தவிர, காற்று வேறு எங்கேயோ போகிறது. முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. கோவில்பட்டிப் பக்கம் போகிற வண்டிகளை வேண்டுமென்றே பார்க்கவில்லை.

மே 21, ஞாயிறு

இன்றும் ஸ்டேஷனுக்குத்தான் போனேன். இன்னும் நிரூபணம் ஆகவில்லை.

மே 23, செவ்வாய்

காலையில் பவுடர் கலக்கிப் பாலாடையில் ஊற்றினேன். குழந்தை நாக்கால் தள்ளிவிட்டது. பால் கழுத்தில் வழிந்தது. இன்னொரு தடவை முயன்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் கலக்கியதில் தப்பில்லை, அளவு சரியாகத்தான் இருந்தது. கீழே கொட்டிவிட்டு டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். மூத்திரம் நன்றாகப் போகிறதா, தூங்குகிறாளா என்று கேட்டுக்கொண்டார். வேண்டாம் என்கிற பிள்ளைக்குத் திணிக்க வேண்டாம், குறைத்துக்கொண்டே வாருங்கள், வெள்ளிக்கிழமை எடையைப் பார்த்துவிட்டு முழுசாக நிறுத்தலாம் என்றார். என்ன மாற்றம் செய்தீர்கள் என்றும் கேட்டார். வெளியில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

மே 25, வியாழன்

நாளை தராசு. ஸ்டேஷனில் இன்று பத்திரிகை ஒரு வரி கூட மண்டையில் ஏறவில்லை. கார் வந்தால் சேலையை அவிழ்ப்பதா, அப்படியே விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இருவரும் போன பிறகு குறுக்கே எதற்கு அது?

மே 26, வெள்ளி

சம்பந்தி முதல் வண்டியில் வந்துவிட்டார். கார் கொண்டுவரவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

நர்ஸ் ஸ்டெல்லா குழந்தையைத் துணியில் போட்டுத் தூக்கினார். தராசு முள் ஆடி ஆடி நின்றது. பிறந்த எடையையும் தாண்டி நன்றாகவே ஏறியிருக்கிறது. என்ன செய்தீர்கள் தாத்தா என்று நர்ஸ் கேட்டார். முருங்கைக்கீரை என்றேன்.

"ஆமா, கீரைதான்" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு அவராகவே, ஐந்தாம் மாதம் வரை புள்ள இங்கேயே இருக்கட்டும் அண்ணாச்சி என்றார். இருக்கட்டுமா என்று கேட்கவேண்டியது அவர், இருக்கட்டும் என்று உத்தரவு போடுகிறார். பரவாயில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை அதிகம் என்றார்.

குழந்தை சிணுங்கத் தொடங்கியது. நான் குடையை எடுத்தேன். இந்த வெயிலில் எங்கே கிளம்பிவிட்டீர்கள், இன்றைக்கு நூலகமும் கிடையாதே என்று சம்பந்தி கேட்டார். எனக்கு ஆயிரம் வேலை இருக்கிறது என்றேன்.

ஸ்டேஷனில் மதுரைப் பக்கம் ஒரு வண்டி போனது. கடலை விற்கிறவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த வண்டிக்குத்தான் காத்திருக்கிறீர்கள், பல நாளாகப் பார்க்கிறேன் என்றான். ஊரில் யாருக்கும் தன் வேலையைப் பார்க்கத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் இந்து போன் செய்தாள். "வரலாம்ப்பா" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி முடியும்? வெயிலில் அப்பா உட்கார்ந்திருக்கிறாரே என்று அவசரப்பட்டிருப்பாள். ஒரு பக்கம் குடித்து முடித்ததும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிவிட்டு, மறுபக்கமும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது. இதை ஒரு தகப்பன் மகளிடம் போனில் சொல்ல முடியுமா?

"வண்டி இன்னும் வரலம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். திருநெல்வேலி வண்டி வந்து, நின்று, போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.